சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் சிறை மீண்டவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் சிறிய குழு ஒன்றில் இருக்கிறேன். தோட்டக்காரர்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், உள்ளே போனவர்களின் அம்மாக்கள், சில சமயம் வந்தவர்களே கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ஜெயில்ல இருந்து வந்தா கவர்ன்மென்ட்டே வேலை போட்டுக் குடுக்கும்னு சொல்றாங்களே, நெஜமாங்க?"

இல்லை. உள்ளே இருக்கும்போது தொழில் பழக்குவது ஒன்று. வெளியே வந்ததும் கொஞ்சம் பணமோ தொழில் கருவியோ கொடுத்து உதவுவது இன்னொன்று. ஆளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு முதலாளி முன்னால் நிறுத்தி, அப்புறமும் விடாமல் விசாரித்துக்கொண்டிருப்பது மூன்றாவது. நம் பக்கம் முதலாவது ஓரளவு நடக்கிறது. இரண்டாவது மனு போட்டு அலைந்தால் கிடைக்கும். மூன்றாவதுக்குத்தான் ஆளே இல்லை.

நீலகிரிக்காரர்களுக்குப் பெரிய தண்டனை என்றால் பெரும்பாலும் கோவை மத்திய சிறை. வ.உ.சி. செக்கிழுத்த அதே சிறை. இப்போது மத்திய சிறைகளில் நெசவு, தையல், பேக்கரி என்று தொழிற்கூடங்கள் இருக்கின்றன. செய்த பொருள்களைச் சிறைச் சந்தையில் விற்கிறார்கள். கோவை, வேலூர், புழல் போன்ற இடங்களில் சிறைத்துறையின் பெட்ரோல் பங்க்கில் கைதிகளே பெட்ரோல் போடுகிறார்கள். வெளியே வந்தபின் பார்க்க வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். விடுதலையானவர்களுக்கான உதவிச் சங்கத்துக்கு மனுப் போடவும் அவரிடம்தான் வழி கேட்க வேண்டும். விடுதலைச் சான்றையும் உள்ளே தொழில் பழகியதற்கான சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள். வாசலைத் தாண்டியதும் அதைக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. கோபம் புரிகிறது, ஆனால் மனுவுக்கு அதுதான் முதல் தாள்.

"எங்க பையன் சப்-ஜெயில்ல மூணு மாசம் இருந்துட்டு ஜாமீன்ல வந்திருக்கான். அவனுக்கும் இதெல்லாம் உண்டா?"

பெரும்பாலும் கிடையாது, பெரிய ஓட்டையும் அதுதான். 2022 டிசம்பர் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில் பயிற்சியும் சம்பளமும் தண்டனைக் கைதிகளை மனதில் வைத்துப் போட்டவை. விசாரணைக் கைதி திடீரென்று ஒரு சாயங்காலம் ஜாமீனில் வருகிறார். கையில் பணமும் இல்லை, சான்றும் இல்லை. வழக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதோடு ஜாமீன் நிபந்தனை. "தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து" என்று போட்டுவிட்டால் எந்தத் தோட்டத்திலும் வேலைக்கு நிற்க முடியாது. கொழுந்து பறிக்கிறவர்கள் காலையில் ஏறினால் எடை போடும் நேரத்துக்குத்தான் இறங்குவார்கள். நடுவில் பஸ் பிடித்துப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு. சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டபின் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடலாம். வேலை தருகிறவரிடம் ஒரு கடிதம் வாங்கி அதோடு வைத்தால் நல்லது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் போட்டுத் தருவார்கள். வேலை தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

"வந்த உடனே வேலைக்குத் துரத்தணுமா? பாவம், கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டுமே."

ஒரு வாரம் இருக்கட்டும். தூங்கட்டும், சாப்பிடட்டும். அதற்குமேல் நீட்டாதீர்கள். ஏன் என்பதற்கு அடுத்த பதிலில் ஒரு ஆய்வு வருகிறது.

அந்த ஒரு வாரத்தில் செய்ய வேலை இருக்கிறது. சில வருஷம் உள்ளே இருந்தவரின் பழைய போன் நம்பர் செத்துப்போயிருக்கும். ஆதாரோடு இணைத்தது அந்த நம்பர்தான் என்பதால் ஓடிபி எங்கேயும் வராது. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கை வங்கி செயல்படாத கணக்காக ஒதுக்கிவிடும். மறுபடி திறக்க அடையாளச் சான்றுகளோடு நேரில் போக வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தை வங்கியில் போடுகிற தோட்டம், "கணக்கு நம்பர் கொண்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டால், வேலை தயாராக இருந்தும் ஆள் வீட்டில் உட்கார்ந்திருப்பார். முதலில் சிம், அப்புறம் ஆதார் மையம், அதன்பின் வங்கி. இந்த வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டிவரும்.

"வேலை குடுத்தா திருந்திடுவாங்களா? ஆமாவா இல்லையா, அதைச் சொல்லுங்க."

ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்தால் இந்தப் பக்கமே தேவையில்லை. இதைச் சரியாகச் சோதிக்க ஒரு வழிதான் உண்டு. வேலை கேட்டு வருகிறவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேலை கொடுத்து, மறு பாதிக்குச் சாதாரண உதவி மட்டும் கொடுத்து, சில வருஷம் இரு பக்கத்தையும் கவனிப்பது. அமெரிக்காவில் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நியூயார்க்கில் ஒரு அமைப்பு, சிறை மீண்டவர்களைக் குழுவாகச் சேர்த்துப் பராமரிப்பு வேலைக்கு அனுப்பி, அன்றன்றைக்கே கூலி கொடுத்தது. வாரத்தில் ஒரு நாள் நிரந்தர வேலை தேட உதவியது. 2004, 2005-இல் சேர்ந்த 977 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு வேலையில் இருப்போர் எண்ணிக்கையில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விடுதலையாகி மூன்று மாதத்துக்குள் சேர்ந்தவர்கள் மறுபடி தண்டனைக்கும் சிறைக்கும் போவது 16 முதல் 22 சதவீதம் வரை குறைந்திருந்தது. தாமதமாக வந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. பிறகு 2007-இல் தொடங்கி சிகாகோ, டெட்ராய்ட், மில்வாக்கி, செயின்ட் பால் என்று நான்கு நகரங்களில் இதேபோலத் தற்காலிக வேலை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், குற்றத்தில் வித்தியாசமே இல்லை.

ஆகவே, வேலையை மாத்திரை மாதிரி எண்ணாதீர்கள். யாருக்கு, எப்போது, எந்த வேலை, கூட யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பலன். மூன்று மாதம் என்பதை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"அமெரிக்காக்காரன் கணக்கு நமக்கெதுக்கு? நம்ம நாட்டுல இத்தனை பேர்தான் திரும்பப் போறாங்கன்னு கணக்கு இருக்குமே?"

நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரம், டிசம்பர் 31 அன்று உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எண்ணும் கணக்கு. கைதானவர்களில் எத்தனை பேர் பழையவர்கள் என்று கேட்பது ஒரு கேள்வி. விடுதலையானவர்களில் எத்தனை பேர் மறுபடி வருகிறார்கள் என்று கேட்பது வேறு கேள்வி. வேலைத் திட்டம் பலித்ததா என்று அறிய இரண்டாவதுதான் வேண்டும். மேடையில் யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், எந்தக் கேள்விக்கு விடை அது என்று கேளுங்கள்.

நாடுகளை ஒப்பிடுவதிலும் இதே வம்பு. அமெரிக்காவில் 30 மாநிலங்களில் 2005-இல் விடுதலையானவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூன்று வருஷத்துக்குள் மறுபடி கைதானார்கள். அது கைதுக் கணக்கு. சிங்கப்பூரில் 1998-இல் விடுதலையானவர்களில் 44.4 சதவீதம் பேர் இரண்டு வருஷத்துக்குள் திரும்பினார்கள். இப்போது ஏறக்குறைய அதில் பாதி. அங்கே 2004-இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் இயக்கம் சிறை மீண்டவர்களுக்கு வேலை தர முதலாளிகளைச் சேர்த்தது உண்மைதான். ஆனால் முழுப் பெருமையையும் அதற்கே கொடுக்க முடியாது, அதே காலத்தில் வேறு பலவும் மாறின. வெளிநாட்டு ஆய்விலிருந்து சதவீதத்தை இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம். எது எதனால் நடக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

"எங்க எஸ்டேட்ல ஆளே கிடைக்கறதில்ல, எடுத்துக்கலாம்னுதான் இருக்கேன். ஆனா பயமா இருக்குங்க. யாரை எடுக்கறது, யாரை வேண்டாங்கறது?"

நியாயமான பயம். முதலில் வயதைப் பாருங்கள். அமெரிக்காவில் 1970-களில் நடந்த ஒரு வேலைத் திட்டத்தின் தரவுகளைப் பல வருஷம் கழித்து ஒரு சமூகவியலாளர் அலசினார். 27 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் வேலை கொடுத்ததால் குற்றம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ளவர்களிடம் குறையவில்லை. இங்கேயும் நான் பார்ப்பது அதுதான். 22 வயதுப் பையன் வேலையை ஒரு தண்டனையாகப் பார்க்கிறான், 35 வயதுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். பையனை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் மேல் கண் வைக்க ஒரு நல்ல மேஸ்திரி வேண்டும்.

அப்புறம் எத்தனை வருஷமாகிறது என்று பாருங்கள். சுத்தமாக இருந்தபடியே நான்கிலிருந்து எட்டு வருஷம் கடந்துவிட்டால், குற்றத்தைப் பொறுத்து, அவர் மறுபடி கைதாகும் வாய்ப்பு ஊரில் மற்றவர்களுடையதற்கு அருகில் வந்துவிடுகிறது என்று 2009-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. பத்து வருஷத்துக்கு முன்னால் அடிதடியில் போனவரை இன்னும் "ஜெயில் கேஸ்" என்று ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, குற்றத்துக்கும் வேலைக்கும் பொருத்தம். திருட்டு வழக்கில் போனவரை முதல் நாளே கல்லாவில் உட்கார வைக்காதீர்கள், கவாத்துக்கு, அதாவது தேயிலைச் செடி வெட்டிவிடும் வேலைக்கு, அனுப்புங்கள். கஞ்சா வழக்கில் வந்தவரை டூரிஸ்டுகள் புழங்கும் காட்டேஜில் இரவுக் காவலுக்குப் போடாதீர்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் பள்ளி வேன், ஹோம்ஸ்டே, லைன் வீடுகளுக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நடுவே தனியாகத் திரிகிற வேலை எதுவும் கூடாது. அதில் நான் இரக்கம் பார்ப்பதில்லை.

"மலையில என்ன வேலைதான் இருக்கு? எதுல போட்டா நிப்பாங்க?"

கலிபோர்னியாவில் விடுதலையானவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, அந்த நேரத்தில் அவர்கள் ஊரில் கட்டுமானமும் தொழிற்சாலை வேலையும் கூடுதலாக இருந்தால் திரும்பிப் போகிறவர்கள் குறைகிறார்கள் என்று கண்டது. கடைகளில் கிடைக்கும் குறைந்த சம்பள வேலை எவ்வளவு இருந்தாலும் அந்தப் பலன் இல்லை. வேலை இருந்தால் மட்டும் போதாது, அது குடும்பம் நடத்தப் போதுமான வேலையாக இருக்க வேண்டும்.

நம் மலைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கேரட் வேலையில் கூலி நல்ல கூலி. நள்ளிரவுக்குப் பிறகு கும்பலாகக் கிளம்பி, டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கி, கழுவி மூட்டை கட்டினால், லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடும். காலை எட்டு மணிக்குக் கையில் காசு. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. நடுவில் உள்ள நாலு மணி நேரம் தூங்கிவிட்டால் சரி. தூங்காதவர்களுக்கு அந்த வேலையே வினையாகிறது. குடியால் உள்ளே போனவரை நான் கேரட்டுக்கு அனுப்புவதில்லை. வேறு வழியில்லை என்றால் கூலியை வாரக் கடைசியில் வீட்டுக்காரம்மா கையில் கொடுக்கச் சொல்லி அவர் சம்மதத்தோடு பேசி வைப்பேன்.

ஊட்டி சீசன் வேலை ஏப்ரல், மே இரண்டு மாசம் ஜோராக ஓடும். ஜூனில் மழை பிடித்ததும் ஹோட்டல்காரர் "அப்புறம் கூப்பிடறேன்" என்பார். விடுதலையான முதல் மூன்று மாசம் எவ்வளவு முக்கியம் என்று மேலே பார்த்தோம். என் கணக்கில் நல்லவை தேயிலை ஃபேக்டரியும் தோட்ட வேலையும். ஃபேக்டரியில் வாட்டும் தொட்டியில் இலை பரப்புவதிலிருந்து டிரையர் வரை படிப்படியாக ஏறலாம். ஷிஃப்ட் உண்டு, பதிவேடு உண்டு. ஜனவரிப் பனியில் கொழுந்து குறையும்போது வேலை நாள் குறையும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரிய எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி ஆனால் சட்டப்படி வீடும் உண்டு. கூலி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் தலைக்கு மேல் கூரை இருக்கிற வேலையையே முதலில் தேடுகிறேன்.

"உள்ள கத்துக்கிட்ட தொழில் வெளிய உதவுமா?"

2013-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சிறைக்குள் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றவர்கள் திரும்பிப் போவது மற்றவர்களைவிட 13 சதவீதப் புள்ளி குறைவு என்று வந்தது. படிக்க முன்வருகிறவர் ஏற்கெனவே மாற நினைத்தவராக இருக்கலாம் என்பதால் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சமும் நல்ல பலன்தான்.

சிக்கல், எல்லோருக்கும் தொழில் பழகும் வாய்ப்பு ஒரே மாதிரி கிடைத்ததில்லை. சாதி பார்த்துச் சமையலுக்கும் கூட்டுவதற்கும் ஆள் பிரிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் தீர்ப்புச் சொன்னது. பத்து வருஷம் கூட்டிப் பெருக்கியவர் கையில் என்ன தொழிலோடு வருவார்?

"போலீஸ் வெரிஃபிகேஷன் கேக்கறாங்க. மறைச்சிடலாமா?"

எழுத்தில் கேட்ட கேள்விக்குப் பொய் எழுதாதீர்கள். அரசு வேலை விஷயத்தில் 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வழக்கைச் சொன்னாலும் வேலை கொடுக்கலாமா என்று நிர்வாகம் யோசிக்கலாம். மறைத்தது தெரிந்தால் அதற்காகவே நீக்க முடியும். மிகச் சிறிய வழக்கு என்றால் மன்னிக்கவும் இடம் உண்டு. தனியாரிடம் என் ஆலோசனை, கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்: என்ன வழக்கு, எப்போது முடிந்தது. கதை வேண்டாம்.

விடுதலைத் தீர்ப்பு வந்திருந்தால் அதன் நகலைக் கையோடு வைத்திருங்கள். 1958-ஆம் வருஷ நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4-ஆம் பிரிவில் விடுவிக்கப்பட்டவர்கள் 12-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு அவர்களுக்கு இல்லை. இங்கிலாந்தில் 1974 முதல், குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால் பல பழைய தண்டனைகளைச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே இருக்கிறது. நம்மிடம் அப்படிப் பொதுச் சட்டம் இல்லை.

"அப்ப விண்ணப்பத்துல அந்தக் கேள்வியையே எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?"

எனக்கும் அப்படித்தான் தோன்றும், ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். பழைய வழக்கு எவ்வளவு பாதிக்கிறது என்பது தெரிந்த விஷயம். மில்வாக்கி நகரில் ஒரே மாதிரி தகுதியுள்ள வெள்ளையர்களை வேலைக்கு அனுப்பிப் பார்த்தபோது, வழக்கு இல்லை என்றவர்களில் 34 சதவீதம் பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், உண்டு என்றவர்களில் 17 சதவீதம். சரிபாதி.

அதனால் சில இடங்களில் அந்தக் கேள்விக்குத் தடை போட்டார்கள். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் தடைக்கு முன்னும் பின்னும் போலி விண்ணப்பங்கள் அனுப்பிச் சோதித்தால், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே அழைப்பில் இருந்த இடைவெளி 7 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறியிருந்தது. கேட்க முடியாத முதலாளி, பெயரைப் பார்த்து ஊகிக்க ஆரம்பித்துவிட்டார். இங்கே முகவரியில் எந்தக் காலனி என்று பார்த்தே முடிவு செய்கிறவர்கள் இல்லையா? கேள்வி இருந்துவிட்டுப் போகட்டும். நேரில் பார்த்துப் பேசிய பிறகு கேட்கட்டும்.

"ஹட்டியில எல்லாருக்கும் தெரியும். அவர் திருப்பூருக்கே போயிட்டா நல்லதில்லையா?"

ஹட்டி என்றால் இங்கே படுகர் ஊர், அங்கே எதுவும் மறையாது. 2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸை அழித்தபோது, விடுதலையான பலரால் பழைய ஏரியாவுக்குத் திரும்பவே முடியவில்லை. வேறு ஊர்ப்பக்கம் குடியேறியவர்கள் மறுபடி சிறைக்குப் போவது தெளிவாகக் குறைந்திருந்தது. கூட்டாளிகள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள் என்றால் திருப்பூர் நல்ல முடிவு.

ஆனால் மனைவி, குழந்தைகள் இங்கே, அவர் மட்டும் பனியன் கம்பெனி ரூமில் ஆறு பேரோடு என்றால் கணக்கு மாறும். போகிறதானால் குடும்பத்தோடு போகட்டும். பகை உள்ள வழக்கு என்றால் எதிர்த்தரப்புக்காரர்களின் நிம்மதியையும் யோசிக்க வேண்டும். அவர்கள் தினமும் அவரைப் பார்த்துக்கொண்டே டீக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

"வேலைக்கெல்லாம் அலையாம கையில பணத்தைக் குடுத்துட்டா?"

அமெரிக்காவின் பால்டிமோரில் 1970-களின் தொடக்கத்தில், விடுதலையானவர்களுக்கு வாரம் 60 டாலர் வீதம் 13 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். திருட்டுக் கைதுகள் குறைந்தன. அதை டெக்ஸாஸ், ஜார்ஜியாவில் பெரிதாகச் செய்தபோது பலன் காணாமல் போனது. வேலைக்குப் போனால் அந்தப் பணம் வெட்டப்பட்டதால் பலர் வேலைக்கே போகவில்லை. முதல் மாசச் செலவுக்குக் கொடுங்கள். வேலை கிடைத்ததும் பிடுங்காதீர்கள்.

"ஒரு தப்பும் பண்ணாத எங்க பசங்களுக்கே வேலை இல்ல. இவங்களுக்கு மட்டும் ஏன் ஆள் வச்சுத் தேடணும்?"

இந்தக் கேள்வியில் கோபப்பட எதுவும் இல்லை. உங்கள் பையனுக்கும் வேலை வேண்டும். ஆனால் நாம் ஆள் சேர்ப்பது பெரும்பாலும் வெளி மாநிலத்திலிருந்து ஆள் கூட்டிவர வேண்டியிருக்கிற கவாத்து, மூட்டை வேலைகளுக்கு. உங்கள் பையனே அதற்கு வரமாட்டேன் என்கிறான்.

பாதிக்கப்பட்டவரின் தம்பி ஒருவரும் இதையே வேறு விதமாகக் கேட்டார். கைதிகளுக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும், அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் சொல்லியிருக்கிறது என்று சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

"வேலையில ஒழுங்கா இருக்கறவரையே திரும்பத் திரும்ப ஸ்டேஷனுக்குக் கூப்பிடறாங்க. அப்பறம் வேலை குடுத்து என்ன பிரயோஜனம்?"

ஊரில் எது காணாமல் போனாலும் பழைய ஆளை விசாரிப்பார்கள். திருவிழா, தேர்தல் வந்தால் நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110 என்று சொன்ன பிரிவுகள், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 126, 129. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். பத்திரத்தை மீறியதாக முடிவானால் உள்ளே போக வேண்டிவரும். கைதை மட்டும் எண்ணுகிற ஆய்வுகளைப் படிக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள். சில "திரும்பிப் போனவர்கள்" இப்படிப் போனவர்கள்.

முதலாளி செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவும் இல்லை. வருகைப் பதிவேட்டை நேரத்தோடு எழுதுங்கள். இரவு ஷிஃப்ட் என்றால் உள்ளே வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. சம்பவம் நடந்ததாகச் சொல்லும் இரவில் ஆள் டிரையர் பக்கத்தில் நின்றிருந்தார் என்று காட்ட அந்தப் பக்கத்தின் நகல் போதும். இன்ஸ்பெக்டரிடம் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நல்லது, வக்கீலிடமும் ஒரு நகல் இருக்கட்டும். ஆள் இரண்டு நாள் வரவில்லை என்றால் பெயரை அடிப்பதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். பாதி நேரம் காரணம் வாய்தாவாகத்தான் இருக்கும்.